முப்பத்தைந்து மீட்டருக்குப் பதின்மூன்று தப்படி

தடகளத்தில் உனக்குப் பிடித்த ஆள் யார் என்று யாராவது கேட்டால் நான் யோசிப்பதே இல்லை. எட்வின் மோசஸ். அமெரிக்கர். 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டக்காரர். போல்ட்டையும் கார்ல் லூயிஸையும் தெரிந்த அளவுக்கு நம்மில் பலருக்கு இவரைத் தெரியாது என்பதில் எனக்கு நெடுநாளாக ஒரு வருத்தம் உண்டு. அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமாகப் போகும்.

மோசஸ் என்றதும் தடகள ரசிகர்கள் சொல்வது 122 என்ற எண்ணை. 1977 ஆகஸ்ட் 26 அன்று பெர்லினில் ஒரு தோல்வி. அடுத்த தோல்வி 1987 ஜூன் 4, மாட்ரிட்டில். இடையில் 9 ஆண்டு, 9 மாதம், 9 நாள். அந்தக் காலம் முழுக்க ஓடிய 122 ஓட்டங்களிலும் அவர்தான் முதல். அவற்றில் 107 இறுதி ஓட்டங்கள். எந்த விளையாட்டிலும் இப்படி ஒன்றைத் தேடிப் பிடிப்பது கடினம். ஆனால் என்னை இந்த மனிதரிடம் இழுத்தது வேறொரு எண், 13. அது புரிந்தால் 122 தானாகப் புரிந்துவிடும்.

முதலில் இந்த ஓட்டத்தைப் பார்ப்போம். மைதானத்தைச் சரியாக ஒரு சுற்று. வழியில் பத்துத் தடைகள். ஆண்களுக்கு ஒவ்வொன்றும் 91.4 சென்டிமீட்டர் உயரம், ஏறக்குறைய நம் இடுப்பளவு. புறப்படும் கோட்டிலிருந்து முதல் தடை 45 மீட்டரில். பிறகு ஒவ்வொரு 35 மீட்டருக்கும் ஒன்று. பத்தாவது தடைக்கும் எல்லைக் கோட்டுக்கும் நடுவே 40 மீட்டர். கேட்க எளிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் முந்நூறு மீட்டர் முழு வேகத்தில் ஓடிய பிறகு கால் கனக்க ஆரம்பிக்கும், மூச்சு பத்தாது, தப்படி சுருங்கும். அந்த நிலையில்தான் எட்டாவது, ஒன்பதாவது, பத்தாவது தடைகள் எதிரே வந்து நிற்கின்றன. ஓடுகிறவர் களைத்துவிட்டார் என்பதற்காகத் தடை நகர்ந்து கிட்டே வராது.

இங்கேதான் கணக்கு நுழைகிறது. ஒரு தடையைத் தாண்டி இறங்கியதிலிருந்து அடுத்த தடைக்குத் தாவுவதற்குள் எத்தனை தப்படி வைப்பது? எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால் ஒவ்வொரு தடைக்கும் அதே கால் முன்னே போகும். இரட்டைப்படையானால் கால் மாறும். ஒரு தடைக்கு இடது கால், அடுத்ததற்கு வலது கால் என்று தாவத் தெரிய வேண்டும். பலருக்கு ஒரு காலில்தான் அது இயல்பாக வரும். அன்றைய ஓட்டக்காரர்கள் தொடக்கத்தில் 13 தப்படி வைத்துப் போய், களைப்பு ஏறியதும் 14-க்கோ 15-க்கோ மாறுவார்கள். மாறும் அந்த ஒரு கணத்தில் காலைக் குறுக்கி, இடம் பார்த்து, சற்றே தயங்கித்தான் தாவ முடியும். நேரம் அங்கேதான் நழுவும். பார்க்கிற நமக்கு அது தெரியக்கூடத் தெரியாது. கடிகாரத்துக்குத் தெரியும்.

மோசஸ் மாறவில்லை. முதல் தடையிலிருந்து பத்தாவது தடை வரைக்கும் 13, 13, 13. முப்பத்தைந்து மீட்டரில் தாவுவதற்கு முன்னால் இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் மேலும், இறங்குவதற்கு ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேலும் கழித்தால் மிச்சம் முப்பத்தொன்று, முப்பத்திரண்டு மீட்டர். அதைப் பதின்மூன்றால் வகுத்துப் பாருங்கள். தப்படிக்கு இரண்டரை மீட்டரை நெருங்கும். களைத்த காலோடு, வளைவில், எதிர்க்காற்றில், கடைசி நூறு மீட்டரிலும் அந்த நீளம் குறையக் கூடாது. இருட்டில் சொந்த வீட்டு மாடிப்படி ஏறும்போது கால் தானாக இடம் கண்டு வைக்குமே, அப்படி ஏறுவார் அவர் ஒவ்வொரு தடைக்கும். ஆறடி இரண்டு அங்குல உயரமும் நீண்ட காலும் உதவின என்பது உண்மைதான். ஆனால் அந்த உயரத்தில் அப்போது வேறு எத்தனையோ பேர் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

மோசஸ் 1955 ஆகஸ்ட் 31 அன்று ஒஹாயோ மாநிலத்தின் டேட்டன் நகரில் பிறந்தவர். அப்பா, அம்மா இருவருமே கல்வித்துறை. வீட்டில் படிப்புக்குத்தான் முதலிடம். பள்ளியில் ஓடினாலும் பெரிய பல்கலைக்கழகங்கள் தேடி வந்து அழைத்துப் போகிற அளவுக்கு அவர் பெயர் எடுக்கவில்லை. அட்லாண்டாவில் மோர்ஹவுஸ் கல்லூரிக்கு அவர் போனது விளையாட்டு ஒதுக்கீட்டில் அல்ல, படிப்புக்கான உதவித்தொகையில். மார்ட்டின் லூதர் கிங் படித்த கல்லூரி அது. அங்கே அவர் படித்தது இயற்பியலும் தொழிற்சாலைப் பொறியியலும். ஆச்சரியம் என்னவென்றால் அந்தக் கல்லூரிக்கென்று அப்போது ஓடுதளமே கிடையாது. நகரத்தின் பொதுப் பள்ளி மைதானங்களுக்குப் போய்த்தான் பயிற்சி எடுத்திருக்கிறார். பெரிய பயிற்சியாளர் கூட்டம், மருத்துவர், தனி உணவு எதுவும் இல்லாத இடத்திலிருந்து உலக சாதனை வந்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடும்.

அதைவிட வியப்பு, 1976 மார்ச் வரைக்கும் அவர் 400 மீட்டர் தடை ஓட்டத்தை ஒரே ஒரு முறைதான் ஓடியிருந்தார். அதுவரை அவர் ஓடியதெல்லாம் 110 மீட்டர் தடை ஓட்டமும், தடை இல்லாத 400 மீட்டரும். இரண்டையும் சேர்த்தால் மூன்றாவது ஒன்று வரும் என்பது மார்ச்சில்தான் முடிவானது. ஒலிம்பிக் தேர்வுப் போட்டியில் 48.30 விநாடி, அமெரிக்க சாதனை. ஜூலையில் மாண்ட்ரியல்.

ஜூலை 25, இறுதி ஓட்டம். கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் தோல் கயிறு, இருபது வயது. அது அவருடைய முதல் சர்வதேசப் போட்டி. 47.63 விநாடி, உலக சாதனை. இரண்டாவதாக வந்த சக அமெரிக்கர் மைக் ஷைன் 48.69. ஒரு விநாடிக்கு மேல் வித்தியாசம், தூரத்தில் எட்டு மீட்டருக்கு மேல். ஓட்டம் முடிந்ததும் ஷைன் அவரைச் சேர்த்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வந்தார். ஒரு கறுப்பினத்தவரும் ஒரு வெள்ளையரும் தோளோடு தோள் சேர்ந்து போன அந்தச் சுற்றை அந்த ஒலிம்பிக்கைப் பார்த்தவர்கள் மறப்பதில்லை. மாண்ட்ரியலில் ஓட்டப்போட்டிகளில் தனிநபர் தங்கம் வென்ற ஒரே அமெரிக்க ஆண் மோசஸ்தான்.

ஒரு குறையை இங்கே சொல்லியாக வேண்டும். அவர் முறியடித்த 47.82 சாதனை உகாண்டாவின் ஜான் ஆகி-புவா 1972-ல் மியூனிக்கில் வைத்தது, அதுவும் வளைவு கடுமையாக இருக்கும் முதல் பாதையில் ஓடி. தென்னாப்பிரிக்காவுக்கு ரக்பி ஆடப் போன நியூசிலாந்தை மாண்ட்ரியலில் அனுமதித்ததை எதிர்த்து ஆப்பிரிக்க நாடுகள் ஒலிம்பிக்கைப் புறக்கணித்தன. உகாண்டாவும் விலகியது. ஆகி-புவா ஓடவில்லை. அந்த இருவரும் அன்று பக்கத்துப் பக்கத்துப் பாதையில் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி என்னை விடுவதே இல்லை. நான்கு வருடம் கழித்து இதே கதை மோசஸுக்கே திரும்பி வந்தது.

அதற்கு முன் பெர்லின். 1977 ஜூனில் சாதனையை 47.45 ஆக இறக்கியிருந்தார். ஆகஸ்டில் பெர்லினில் மேற்கு ஜெர்மனியின் ஹரால்ட் ஷ்மிட் அவரை ஜெயித்தார். ஒரு வாரம் கழித்து டசல்டார்ஃபில் உலகக் கோப்பையில் அதே ஷ்மிட்டை ஏறக்குறைய பதினைந்து மீட்டர் வித்தியாசத்தில் தோற்கடித்தார் மோசஸ். 122-ல் முதலாவது அது.

அதற்குப் பிறகு வந்த ஆண்டுகளை வருடவாரியாகச் சொல்ல விரும்பவில்லை. ஐரோப்பிய ஊர்களில் கோடைதோறும் போட்டி, பயணம், ஓட்டல் அறை, வேறு காற்று, வேறு தளம், கொடுக்கப்பட்ட பாதை. உள்பாதை என்றால் வளைவு இறுகும், வெளிப்பாதை என்றால் பின்னால் வருகிறவர்களைப் பார்க்க முடியாது. ஒரு தடையில் கால் இடறினால் போதும், எல்லாம் முடிந்தது. நூறு மீட்டர் ஓட்டக்காரருக்குத் தடுக்கி விழ ஒன்றும் இல்லை. இவருக்கு ஒரு ஓட்டத்துக்குப் பத்து வாய்ப்பு. 122 ஓட்டத்துக்கு ஆயிரத்து இருநூற்று இருபது தடைகள். அவற்றில் ஒன்றுகூட அவருடைய வெற்றியைப் பறிக்கவில்லை. தவறு நடக்கவே நடக்காது என்றில்லை. நடந்தாலும் அடுத்த தடைக்குள் சரிசெய்யும் அளவுக்கு அவரிடம் மிச்சம் இருந்தது.

இப்போது 1980. எனக்கு மனம் வலிக்கிற இடம் இதுதான். சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததை எதிர்த்து மாஸ்கோ ஒலிம்பிக்கை அமெரிக்கா புறக்கணித்தது. மோசஸுக்கு இருபத்து நான்கு வயது. உடலும் அனுபவமும் ஒன்றுசேர்ந்து நிற்கிற வயது. போட்டி தொடங்க இரண்டு வாரம் இருந்தபோது, ஜூலை 3 அன்று, மிலானில் ஓடினார். 47.13, மீண்டும் உலக சாதனை. அதே மாதம் மாஸ்கோவில் கிழக்கு ஜெர்மனியின் ஃபோல்கர் பெக் தங்கம் வென்ற நேரம் 48.70. இரண்டுக்கும் இடையே 1.57 விநாடி. அந்த வேகத்தில் அது பத்து மீட்டருக்கு மேல். பெக்கின் பதக்கத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. வந்தவர்களோடு ஓடினார், ஜெயித்தார். ஆனால் ஓட்டக்காரர்களுக்கு ஒலிம்பிக் நான்கு வருடத்துக்கு ஒருமுறைதான். ஆட்சியில் இருப்பவர்கள் எடுக்கும் முடிவுக்கு அவர்கள் கொடுக்கும் விலையை யாரும் திருப்பித் தருவதில்லை. ஆகி-புவாவுக்கும் தரவில்லை, மோசஸுக்கும் தரவில்லை.

சரி, சாப்பாட்டுக்கு என்ன செய்தார்? இந்தக் கேள்வியை இன்று யாரும் கேட்பதில்லை. அன்று தடகளம் அமெச்சூர் விளையாட்டு. ஓடுவதற்குக் காசு வாங்கினால் ஒலிம்பிக்கில் ஓட முடியாது. மோசஸ் ஜெனரல் டைனமிக்ஸ் நிறுவனத்தில் வேலையில் இருந்தார். 1979-ல் விடுப்பு எடுத்துக்கொண்டு முழுநேரமும் பயிற்சியில் இறங்கினார். அதோடு நிற்கவில்லை. விளையாட்டு வீரர்களுக்கு வரும் பணத்தை ஓர் அறக்கட்டளைக் கணக்கில் போட்டு, அதிலிருந்து வாழ்க்கைச் செலவுக்கும் பயிற்சிக்கும் எடுத்துக்கொள்ளும் ஒரு ஏற்பாட்டை வடிவமைத்து, நிர்வாகிகளிடம் வாதாடி ஒப்புக்கொள்ள வைத்தார். 1981-ல் அது நடைமுறைக்கு வந்தது. அடுத்த தலைமுறை தடகள வீரர்கள் வேறு வேலை பார்க்காமல் ஓட முடிந்ததற்கு இந்த மாற்றம் ஒரு முக்கியக் காரணம். என் பார்வையில் இது அவருடைய தங்கப் பதக்கங்களுக்கு ஒரு தப்படியும் பின்னால் இல்லை.

1982-ல் காயமும் உடல்நலக் குறைவுமாக அவர் ஓடவில்லை. திரும்பி வந்த 1983-ல் ஹெல்சிங்கியில் முதல் உலக சாம்பியன்ஷிப். தங்கம். சில வாரங்கள் கழித்து, ஆகஸ்ட் 31, அவருடைய இருபத்தெட்டாவது பிறந்தநாள், ஜெர்மனியின் கோப்ளென்ஸ் நகரில் 47.02. அவர் வாழ்நாளின் வேகமான ஓட்டம் அதுதான். 47 விநாடிக்குள் போக வெறும் 0.03 குறைவு.

1984-ல் லாஸ் ஏஞ்சலஸ். தொடக்க விழாவில் எல்லா வீரர்கள் சார்பாகவும் உறுதிமொழி எடுக்க மோசஸை அழைத்தார்கள். பாதியில் வார்த்தை மறந்து நின்றுவிட்டார், சொன்னதையே திரும்பச் சொல்லிச் சமாளித்தார். கோடிக்கணக்கானோர் பார்த்துக்கொண்டிருந்த இடம் அது. பத்துத் தடைகளையும் ஒரு தயக்கமும் இல்லாமல் தாண்டுகிற மனிதர் தவித்த அந்தக் கணத்தில் அவர்மேல் எனக்குப் பிரியம் கூடியது. ஓட்டத்தில் 47.75, தங்கம். வெள்ளி வென்றவர் பதினெட்டு வயதுப் பையன், டேனி ஹாரிஸ். வெண்கலம் பெர்லின் ஷ்மிட்.

அதே மைதானம், மூன்று நாள் கழித்து. பெண்களுக்கான 400 மீட்டர் தடை ஓட்டம் ஒலிம்பிக்கில் முதன்முறையாக நடந்தது. பி.டி. உஷா 55.42 விநாடியில் நான்காவது. வெண்கலம் வென்ற ருமேனியாவின் கொஜொகாரு 55.41. அந்த நூறில் ஒரு பங்கு விநாடியைப் பற்றி நம் வீடுகளில் பேசாதவர்கள் இல்லை. மோசஸ் மாண்ட்ரியலுக்குப் போனது போலவே உஷாவும் இந்த ஓட்டத்துக்குப் புதியவராகத்தான் லாஸ் ஏஞ்சலஸ் போனார். உஷாவின் அந்த 55.42-ஐ 2023-ல் ஹாங்சோ ஆசியப் போட்டியில் கோயம்புத்தூரின் வித்யா ராம்ராஜ் சமன் செய்தார், இறுதி ஓட்டத்தில் வெண்கலமும் வென்றார். ஆண்கள் பக்கம் நம் அவினாசிக்காரர் தருண் அய்யாசாமி 2018 ஆசியப் போட்டியில் வெள்ளி வென்றவர், 2019-ல் 48.80 ஓடினார். இந்திய மண்ணில் அது எவ்வளவு பெரிய ஓட்டம் என்பது தடகளம் பார்ப்பவர்களுக்குத் தெரியும். மோசஸ் 1976-ல், இந்த ஓட்டத்தில் தன் முதல் முழுப் பருவத்தில், ஓடியது 47.63 என்பதை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் அவருடைய உயரம் நமக்குப் பிடிபடும்.

1986-ல் மாஸ்கோவில் நல்லெண்ண விளையாட்டுப் போட்டிகள் நடந்தன. ஆறு வருடம் முன்பு அவரைப் போகவிடாத அதே நகரம். போனார், ஜெயித்தார். பதக்கத்தின் மதிப்பு ஒலிம்பிக்குக்கு ஈடாகாது. இருந்தாலும் அந்தச் செய்தியை முதலில் படித்தபோது எனக்குள் ஏதோ ஒரு கணக்கு நேரானது போல இருந்தது.

தொடர் வெற்றி முடிந்தது 1987 ஜூன் 4-ல், மாட்ரிட்டில். ஜெயித்தவர் லாஸ் ஏஞ்சலஸில் இரண்டாவதாக வந்த அதே டேனி ஹாரிஸ், இப்போது இருபத்தொரு வயது. ஹாரிஸ் 47.56, மோசஸ் 47.69. தோற்ற ஓட்டத்தில் மோசஸ் ஓடிய நேரத்தைக் கவனியுங்கள். லாஸ் ஏஞ்சலஸில் தங்கம் வாங்கித் தந்த நேரத்தைவிட அது வேகம். சரிந்துபோய்த் தோற்கவில்லை. பத்து வருடம் ஒருவரைத் துரத்தித் துரத்தி மற்றவர்கள் வேகமாகிவிட்டார்கள்.

கடைசி ஓட்டம் 1988 சியோல் ஒலிம்பிக் இறுதி. 47.56. மாண்ட்ரியல், லாஸ் ஏஞ்சலஸ் இரண்டு தங்கத்தையும்விட வேகமாக ஓடியும் கிடைத்தது வெண்கலம். தங்கம் ஆண்ட்ரே ஃபிலிப்ஸ், 47.19. பல வருடங்களாக மோசஸின் முதுகையே பார்த்து ஓடியவர். வெள்ளி செனகலின் அமடூ தியா பா, 47.23.

ஓய்வுக்குப் பிறகு அவர் சும்மா இருக்கவில்லை. பனிச்சறுக்கு வண்டியான பாப்ஸ்லெட்டில் ஏறி 1990-ல் ஜெர்மனியின் வின்டர்பெர்க்கில் ஒரு உலகக் கோப்பை வெண்கலம்கூட வென்றார். ஆனால் நான் சொல்ல வருவது ஊக்கமருந்து விஷயம். போட்டி நாளில் மட்டும் சோதித்தால் ஏமாற்றுகிறவர்கள் முன்கூட்டியே மருந்தை நிறுத்திவிட்டு வருவார்கள். பயிற்சிக் காலத்தில், முன்னறிவிப்பு இல்லாமல் சோதிக்க வேண்டும். 1988-ன் இறுதியில் அமெரிக்கத் தடகளத்தில் அப்படி ஒரு திட்டத்தை வடிவமைத்ததில் மோசஸுக்குப் பெரிய பங்கு. சியோலில் பென் ஜான்சன் மாட்டிக்கொண்ட அதே ஆண்டு அது. பிற்காலத்தில் அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தலைவராகவும் இருந்தார். ஓடிய காலத்தில் தன்னைத் தவிர வேறு யாருக்காகவும் கவலைப்படத் தேவையில்லாத உச்சியில் இருந்தவர் அவர். அங்கிருந்துகொண்டு சக வீரர்களின் கூலியையும் விளையாட்டின் நேர்மையையும் பற்றிப் பேசினார் என்பதற்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

அவருடைய 47.02 உலக சாதனை ஒன்பது ஆண்டு நின்றது. 1992-ல் பார்சிலோனாவில் கெவின் யங் 46.78 ஓடினார். அவர் சில தடைகளுக்கு நடுவே பன்னிரண்டே தப்படி வைத்தார் என்பது இங்கே முக்கியம். மோசஸ் திறந்த வழியில் அடுத்த தப்படி அது. யங்கின் சாதனை 2021 வரை நின்றது. அந்த வருடம் நார்வேயின் கார்ஸ்டன் வார்ஹோல்ம் முதலில் ஓஸ்லோவில் 46.70, பிறகு டோக்கியோ ஒலிம்பிக்கில் 45.94. டோக்கியோவில் இரண்டாவது வந்த ராய் பெஞ்சமினும் மூன்றாவது வந்த அலிசன் டோஸ் சான்டோஸும்கூட யங்கின் பழைய சாதனையைவிட வேகம். தளமும் காலணியும் மாறிவிட்டன, அதை மறுக்க முடியாது. ஆனால் முழு ஓட்டத்துக்கும் தப்படியை எண்ணி அமைப்பதும், களைத்த பிறகும் அதைக் காப்பாற்றுவதும் இன்று எல்லோரும் செய்கிற காரியம். 1976-ல் அப்படி இல்லை.

1987 ரோம் உலக சாம்பியன்ஷிப்பை வேண்டுமென்றே மேலே சொல்லாமல் விட்டேன். மோசஸின் ஒரே ஓர் ஓட்டத்தைத்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் மாண்ட்ரியலை விட்டுவிட்டு இதைப் பாருங்கள். மாட்ரிட் தோல்வி முடிந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. முப்பத்திரண்டு வயது அப்போதுதான் நிறைந்திருந்தது. ஒரு பக்கம் மாட்ரிட்டில் ஜெயித்த ஹாரிஸ், இன்னொரு பக்கம் பத்து வருடம் முன்பு பெர்லினில் ஜெயித்த ஷ்மிட். அவர் வாழ்வின் அந்த இரண்டு தோல்விகளுக்கும் காரணமானவர்கள் ஒரே ஓட்டத்தில் நின்றார்கள். மோசஸ் முன்னால் போய்விடுகிறார். எட்டாவது தடையிலிருந்து அவருடைய காலை மட்டும் கவனியுங்கள். கடைசித் தடைக்குப் பிறகு இருவரும் நெருங்கிக்கொண்டே வருகிறார்கள், எல்லைக் கோட்டில் மூவரும் மார்பை முன்னால் நீட்டுகிறார்கள். ஹாரிஸ் 47.48, ஷ்மிட் 47.48. மோசஸ் 47.46.